எண்ணிக்கை ஏறிய காடு

கைதட்டினார்கள். அதைத்தான் தெல்சேயால் தாங்க முடியவில்லை.

அலுவலகக் கூட்ட அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. திரையில் இரண்டு தூண்கள், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. குட்டையின் தலையில் ஐம்பத்திரண்டு, நெட்டையின் தலையில் தொண்ணூற்றேழு. கால்வாய்க்கு வடக்கே எரியாமல் மிஞ்சிய காட்டில் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐம்பத்திரண்டு ஒராங்குட்டான்கள் இருந்தன, இந்த மார்ச்சில் தொண்ணூற்றேழு இருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். எண்ணியவள் தெல்சே. பதினோரு வருஷமாக அந்தக் காட்டில் அவள்தான் எண்ணுகிறாள். எண்ணியவளுக்குச் சந்தோஷம் இல்லை, காட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்கள் சந்தோஷமாகத் தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, காட்டில் அவளுக்குத் துணையாக வரும் சாவுங்கும் சேர்ந்து இரண்டு தட்டுத் தட்டினான். முழங்கையால் அவன் விலாவில் ஒரு குத்து விட்டாள்.

"என்னக்கா, எல்லாரும் தட்டுறாங்களேன்னு..."

"எதுக்குத் தட்டுறாங்கன்னு தெரிஞ்சா நீ தட்டமாட்டே. வாயை மூடிக்கிட்டுக் கேளு."

அடுத்த படத்தில் விஷயம் வெளியே வந்தது. திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பாக் விபாவா ஜாவாக்காரர், சாது, யாரிடமும் குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேசமாட்டார். பாக் என்றால் ஐயா என்று மரியாதை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம வடக்குக் காடு மீண்டு வந்துடுச்சு. எல்லாம் உங்க உழைப்பு. அதனால தீயணைப்பு முகாமை ஜூலை கடைசியில தெற்கு மாவட்டத்துக்கு மாத்துறோம். அங்கதான் இப்ப தேவை அதிகம்."

முகாம் என்றால் கால்வாய் முகத்தில் ஒரு தகரக் கொட்டகை, பன்னிரண்டு ஆட்கள், மூன்று பம்பு, ஒரு விசைப்படகு. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் இல்லையென்றால் காடு இல்லை. அங்கே காலடியில் இருப்பது மண்ணே அல்ல. ஆயிரக்கணக்கான வருஷத்து இலையும் வேரும் தண்ணீரில் ஊறிக் கறுத்துக் கிடக்கும் கரிமண். மரம் இழுக்க யாரோ வெட்டிய கால்வாய்கள் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டன. காய்ந்தால் அடியிலேயே பற்றி, மேலே ஒன்றும் தெரியாமல் வாரக்கணக்கில் ஊர்ந்து, நினையாத இடத்தில் எழும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கால்வாய்க்குத் தெற்கே அப்படித்தான் எல்லாம் போயிற்று. முகாமின் தலைவர் துனிஸ் மாமாவின் ஆட்கள் பத்தொன்பது நாள் கரையிலேயே கிடந்து தண்ணீர் அடித்ததால் வடக்கு தப்பியது. இப்போது ஜூலையில் முகாமைத் தூக்குகிறார்களாம். நெருப்பு ஆகஸ்டில் வரும். என்ன பொருத்தம் பாருங்கள்!

தெல்சே எழுந்து நின்றுவிட்டாள்.

"பாக், மன்னிக்கணும். இது பெருகினது இல்ல. ஒதுங்கினது."

"சொல்லுங்க, தெல்சே."

"தெக்கால எரிஞ்சப்போ அங்க இருந்ததெல்லாம் கால்வாயத் தாண்டி வடக்க வந்துடுச்சு. நெருக்கியடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஊர்ல வெள்ளம் வந்தா பள்ளிக்கூடத்துல முந்நூறு பேரு படுத்துக் கெடப்பாங்க. உடனே பள்ளிக்கூடத்துல சேர்க்கை கூடிடுச்சுன்னு கைதட்டுவீங்களா?"

பின்வரிசையில் சிரித்தார்கள். விபாவாவும் சிரித்தார். அதுதான் அவரிடம் கஷ்டம். கோபப்படுகிற ஆளாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

"இன்னொண்ணு," என்றாள். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வார்த்தைகள் முட்டிக்கொண்டன. "நாங்க எண்ணுறது கஹியுவ இல்ல, கூட்ட." கஹியு என்றால் அவள் ஊர்ப் பேச்சில் ஒராங்குட்டான். "அது தெனமும் பொழுது சாஞ்சா புதுசா ஒரு கூடு கட்டித்தான் படுக்கும். ஒரு கூடு மரத்துல இருநூத்தி எழுவது நாள் நிக்கும்னு உங்க அட்டவணை சொல்லுது. அத வச்சுத்தான் இத்தனை கூட்டுக்கு இத்தனை கஹியுன்னு வகுக்குறீங்க. அந்த அட்டவணை எப்ப போட்டது? மழை ஒழுங்கா பெஞ்ச காலத்துல! மழை அடிச்சாத்தானே கூடு ஊறி உதிரும்? இப்ப ரெண்டு மாசம் ஊத்து ஊத்துன்னு ஊத்திட்டு மிச்ச நாளெல்லாம் வானம் பொளந்து கெடக்கு. கூடு காஞ்சு விறகு மாதிரி அப்படியே நிக்குது. ஒரே கூட்ட போன வருஷமும் எண்ணுறோம், இந்த வருஷமும் எண்ணுறோம்."

"நல்ல கவனிப்பு. ஆதாரம் இருக்கா?"

இருந்தது. தீ அணைந்த மாசத்தில் அவளும் சாவுங்கும் முப்பது புதுக் கூடுகளைப் பார்த்து, அந்தந்த மரத்தடியில் நீல நைலான் கயிறு கட்டி வைத்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தோன்றிச் செய்த வேலை. பதினான்கு மாசம் கழித்துப் போய்ப் பார்த்தால் பத்தொன்பது கூடு அசையாமல் இருந்தது. அட்டவணைப்படி ஒன்பது மாசத்தில் உதிர்ந்திருக்க வேண்டியவை. எல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

"அருமை," என்றார் விபாவா. "எழுதிக் கொடுங்க. அட்டவணையை மாத்தும்போது பாப்பாங்க."

"எப்ப மாத்துவாங்க?"

"ரெண்டு வருஷத்துல."

"ரெண்டு வருஷத்துல அங்க கூடு கட்ட மரம் இருக்காது, பாக்!"

விபாவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தார். பிறகு, ஜூனில் இன்னொரு தரம் எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இருந்தால் முகாம் விஷயத்தை மேலிடத்தில் பேசுகிறேன் என்றார். வேறு யாரையும் அனுப்பப்போவதில்லை, உங்கள் கண்ணைவிட நல்ல கண் எங்களிடம் கிடையாது என்றும் சொன்னார். வெளியே வந்தபோது ஆளுக்கொரு பலகாரப் பெட்டி கொடுத்தார்கள். சாவுங் வாழையிலையில் சுருட்டிய ஒட்டரிசியைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டான்:

"எழுதிக் கொடுக்கச் சொன்னாரே, கொடுப்பியா?"

"எழுதிக் கொடுங்கன்னா என்ன அர்த்தம்? போயிட்டு வான்னு அர்த்தம். பதினோரு வருஷமா எத்தன எழுதிக் கொடுத்திருக்கேன், ஒண்ணாவது திரும்பி வந்து பேசியிருக்கா?"

நோட்டு அவள் பையிலேயே கிடந்தது.

*

ஜூனில் காட்டுக்குள் போனார்கள். ஆறு கோடு, ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டர். காம்பஸ் பிடித்து நேராக வெட்டிய ஒற்றையடிப் பாதை. தெல்சே அண்ணாந்து பார்த்துக்கொண்டே முன்னால் நடப்பாள், கூடு கண்ணில் பட்டால் "கூடு!" என்று குரல் கொடுப்பாள். சாவுங் டேப்பை இழுத்துக்கொண்டு போய்க் கூட்டுக்கு நேர் கீழே நின்று, கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து, தாளில் எழுதுவான். பதினோரு வருஷமாக இதே வேலை. அவள் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டதுதான் மிச்சம்.

ஜூனிலேயே காடு காய்ந்திருந்தது. கரிமண் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கியது. தண்ணீர்மட்டம் பார்க்கப் பதித்த குழாயில் சாவுங் அளவுக்கோலை விட்டான். நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே போனால் ஆபத்து என்பார்கள். எழுபத்தெட்டில் போய்த்தான் கோல் நனைந்தது.

"இந்தக் குழாய யாராவது திரையில போட்டுக் கைதட்டலாமில்ல?" என்றான்.

முதல் கோட்டில் மார்ச்சில் முப்பத்தொன்பது கூடு. இப்போது நாற்பத்தாறு. உதிர வேண்டியது உதிரவில்லை, புதிதாகக் கட்டியது மேலே சேர்ந்துகொண்டது. பழையது பழையதாக, இலை உதிர்ந்து குச்சி மட்டும் துருத்திக்கொண்டு, சாகாமல் நின்று அவள் கழுத்தை அறுத்தது.

இரண்டாம் கோட்டின் நடுவே ஒரு தாயைப் பார்த்தார்கள். மரப்பட்டையை உரித்து உள்நாரைப் பல்லால் சுரண்டிக்கொண்டிருந்தது. பழம் இருக்கிற காலத்தில் அது பட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தோல் தொங்கியது. ஐந்தாறு வயசுக் குட்டி ஒன்று, தானே தின்ன வேண்டிய வயசில், தாயின் வாயிலிருந்து நாரைப் பிடுங்கித் தின்றது. கொஞ்ச தூரத்தில் ஒரு ஆண், உதடு கிழிந்து, ஒரு விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. சண்டை போட்டிருக்கிறது. ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருந்தால் சண்டை வராதா?

"இந்த வருஷம் எத்தன பெட்டை பாத்தோம்?" என்று கேட்டாள்.

"பதினாறு."

"கைக்குழந்தையோட?"

"ஒண்ணுகூட இல்ல."

"பெருகிடுச்சாம்! பிள்ளையே பெக்காம பெருகிடுச்சாம்!" குரல் காட்டில் எதிரொலித்தது. அந்தத் தாய் பட்டையைக் கீழே போட்டுவிட்டு உச்சிக்கு ஏறிக்கொண்டது. தெல்சேவுக்கு அதைப் பயமுறுத்திவிட்டோமே என்று இருந்தது. "அந்தத் தாள்ல இதுக்கு ஒரு கட்டம் இருக்கா? இல்ல. கூடு, மீட்டர், கூடு, மீட்டர். வேற எதுவும் அவங்களுக்கு வேணாம்."

மதியம் சோறும் கருவாடும் மிளகாய்ச் சம்பலும் தின்றார்கள். சாவுங் விரலை நக்கிக்கொண்டே, விளையாட்டுக்குத்தான், சொன்னான்: "அக்கா, உன் கண்ணுதான் இந்தக் காட்டுக்குச் சனியன். வேற எவனாவது எண்ணியிருந்தா பாதிகூடத் தெரிஞ்சிருக்காது. பேசாம கண்ண மூடிக்கிட்டு நட."

அவள் சிரிக்கவில்லை. சம்பல் காரத்தில் கண் கலங்கியிருந்தது, அதைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்றாம் கோட்டில் இருநூறு மீட்டர் தாண்டியதும் வலது பக்கம், தூரத்தில், ஒரு கூடு இருந்தது. தெல்சே பார்த்தாள். பார்த்துவிட்டு நடந்தாள்.

பின்னால் சாவுங்கின் காலடி நின்றது. அவனும் பார்த்துவிட்டான். அவள் திரும்பவில்லை. பிறகு அவன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

அதன் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் தனக்கென்று ஒரு வரைமுறை வைத்துக்கொண்டாள். கிட்டத்தில் தலைக்கு மேலே இருப்பதை விட்டால் அசிங்கம், நாளைக்கே எவனாவது வந்து பார்த்தால் மாட்டிக்கொள்வோம். தூரத்துக் கூட்டை விட்டால் யாருக்குத் தெரியும்? கிளை மறைத்தது, வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லிவிடலாம். அதனால் கிட்டத்துக் கூடுகளுக்கெல்லாம் குரல் கொடுத்தாள், பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு அப்பால் இருந்ததையெல்லாம் விழுங்கினாள். கடைசி நாள் முதல் இரண்டு கோட்டுக்கும் புதுத் தாள் எடுத்து, தூரத்தில் அளந்ததையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி எழுதினார்கள். பழைய தாளைச் சாவுங் அடுப்பில் போட்டான்.

மார்ச்சில் இருநூற்றுப் பன்னிரண்டு கூடு. ஜூனில் நூற்று நாற்பத்தெட்டு.

வாழ்நாளில் ஒரு கூட்டைக்கூட அவள் தவறவிட்டதில்லை. விழுங்கிய ஒவ்வொன்றும் தொண்டையிலேயே நின்றது. ஆனாலும் படகில் திரும்பி வரும்போது மனசு லேசாகத்தான் இருந்தது. கூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் கஹியுவும் மூன்றில் ஒரு பங்கு குறையும், தொண்ணூற்றேழு அறுபத்தைந்தாகும், கைதட்டியவர்கள் கையைப் பிசைவார்கள், முகாம் இருக்கும். துனிஸ் மாமாவைக் கால்வாய் முகத்தில் பார்த்தபோது, "மாமா, பெட்டி கட்ட வேணாம்," என்று கத்திச் சொன்னாள். கால்வாய்க்குக் குறுக்கே தண்ணீரை நிறுத்தக் கட்டிய தடுப்பணையில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த கிழவர் கையை ஆட்டினார்.

*

விபாவா தாளை வாங்கி, அவள் எதிரிலேயே லேப்டாப்பில் ஏற்றினார். காப்பி கொண்டுவரச் சொன்னார். தெல்சே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"நூத்தி நாப்பத்தெட்டு," என்றார். "கொறஞ்சிருக்கு."

"ஆமா, பாக்."

அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். காப்பி வந்தது. லேப்டாப் கொஞ்ச நேரம் யோசித்தது. விபாவா திரையை அவள் பக்கம் திருப்பினார்.

நூற்றொன்று.

தெல்சே ஏதோ தப்பான இடத்தைப் பார்க்கிறோம் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். நூற்றொன்றுதான்.

"கூடு கொறஞ்சிருக்கே, பாக். எப்படி ஏறும்?"

"அதுக்குத்தானே தூரத்தை அளக்கச் சொல்றது!" விபாவாவுக்கு இது பிடித்த விஷயம், முகம் மலர்ந்துவிட்டது. "மார்ச்சுல கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருபத்தஞ்சு மீட்டர் வரைக்கும் பாத்திருக்கீங்க. இந்தத் தடவ பத்துப் பன்னெண்டுக்கு அப்பால ஒண்ணும் இல்ல. கொடி மண்டி மறைச்சிருக்கும், சகஜம். கணக்கு அத கண்டுபிடிச்சுடும். இவங்க கண்ணுக்கு எட்டின இடம் இவ்வளவு ஒடுக்கம்தான், அந்த ஒடுக்கத்துக்குள்ளயே நூத்தி நாப்பத்தெட்டு இருக்குன்னா காடு எவ்வளவு நெருக்கமா இருக்கணும்னு அதுவே சரிபண்ணிக்கும். தூரத்துல இருக்கிறத எத்தன விட்டாலும் கவலையில்ல. தலைக்கு மேல இருக்கிறத விட்டாத்தான் ஆபத்து."

பதினோரு வருஷமாக டேப் இழுத்திருக்கிறார்கள். முள்ளில், சேற்றில், அட்டைக்கடியில், மீட்டர் மீட்டராக அளந்திருக்கிறார்கள். எதற்கு அளக்கிறோம் என்று ஒருத்தனும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதை விழுங்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்! தெல்சேவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் விபாவா. "ரெண்டு தடவ எண்ணி ரெண்டும் ஒத்துப்போகுது. இனிமே யாரும் சந்தேகமே பட முடியாது. காலையில சுருக்கத்தை மேலிடத்துக்குப் போன்லயே சொல்லிட்டேன், எண்ணிக்கைய மட்டும் நெரப்பணும்."

"பாக்." அவள் எழுந்தாள். "நான் பொய் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தூரத்துல இருந்த கூட்டையெல்லாம் வேணும்னே விட்டேன். எண்ணிக்கை கொறையணும்னு. முகாம் போகக் கூடாதுன்னு. எழுதினது சாவுங், ஆனா சொல்ல வேண்டியவ நான். தப்பு என் மேல. இந்த எண்ணிக்கைய நீங்க அனுப்பக் கூடாது."

விபாவா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"உக்காருங்க, தெல்சே. ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க."

"களைப்பு இல்ல, பாக். பொய். என் வாயால சொல்றேன், கேளுங்க!"

"நான் கேட்டேன்னு வச்சுக்குங்க. அப்புறம் எழுதணும். எழுதினா இந்த எண்ணிக்கை மட்டுமா போகும்? எண்ணினவ பொய்க்காரின்னு ஆச்சுன்னா மார்ச்சுது போச்சு. மூணு வருஷத்துக்கு முந்தினதும் போச்சு. பதினோரு வருஷமும் போச்சு. அந்தக் காட்டுல கஹியு இருக்குன்னு சொல்ல ஒரு தாளும் மிஞ்சாது. ஒண்ணுமில்லாத காட்டுக்கு எவன் பம்பு வைப்பான்?"

அவள் மறுபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"இந்த மழை விஷயம், நைலான் கயிறு, பத்தொன்பது கூடு... அத எழுதிக் கொடுங்கன்னேனே. கொடுத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன்."

விபாவா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "அந்த ஒரு தாள் கையில இருந்திருந்தா, மழைக்கேத்த மாதிரி நாள் கணக்க மாத்திப் போட்டுப் பாருங்கன்னு மேல ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். ஒத்துக்குவாங்களோ இல்லையோ, கேட்டிருப்பேன். இப்ப அத கொண்டுவந்தீங்கன்னா, பொய் எண்ணினவ கட்டின கயிறுன்னு ஆயிடும். வேணாம். இங்க நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல."

அவர் அவளைக் காப்பாற்றினார். நல்ல மனசோடுதான் காப்பாற்றினார். அதற்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது அவளுக்கு. காப்பி ஆறிக்கிடந்தது. தொடாமல் வந்துவிட்டாள்.

*

ஜூலை கடைசி வாரம் பம்புகளைப் படகில் ஏற்றினார்கள். தெல்சேயும் சாவுங்கும் ஒரு கை கொடுக்கப் போனார்கள். கொட்டகைத் தகரத்தையும் கழற்றிவிட்டார்கள், நான்கு கம்பு மட்டும் நின்றது. கால்வாய்த் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. தடுப்பணையின் ஓரத்தில் மணல் மூட்டை ஒன்று கிழிந்து ஒழுகியது. துனிஸ் மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு மூட்ட போட்டா நின்னுடும்," என்றார். "நீங்க போட்டுடுங்க."

"போடுறோம், மாமா."

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத, தெல்சே. உள்ளது உள்ளபடி எண்ணுனே. அதுக்கு என்ன பண்ண முடியும்? உன்ன ஒருத்தரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

அதைக் கேட்டுக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை. "நான் உள்ளபடி எண்ணல, மாமா. பொய்யா எண்ணினேன். உங்களுக்காகத்தான். அதையும் ஒழுங்காப் பண்ணத் தெரியல."

கிழவர் அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்ததோ, புரியாததோ. தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படகில் ஏறிக்கொண்டார். என்ஜின் இருமிவிட்டுப் பிடித்தது. பன்னிரண்டு பேரில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்கள். படகு வளைவில் மறைந்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

தெற்கே எரிந்த பக்கம் பெரணிப் புதர் மட்டும் சிவந்து கிடந்தது. நடுநடுவே கரிந்த மரங்கள். வானம் ஒரு மேகமில்லாமல் வெளுத்திருந்தது.

"அக்கா," என்று சாவுங் மெதுவாகச் சொன்னான். "அங்க பாரு."

பெரணிக்குள்ளிருந்து ஒரு ஒராங்குட்டான் தரையில் நடந்து வந்தது. பெட்டை. மரமில்லாத வெளியில் அது நடப்பதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது, கையை ஊன்றி, நின்று நின்று, சுற்றிப் பார்த்துப் பார்த்து வந்தது. இவ்வளவு நாள் அந்தக் கரிக்காட்டில் எதைத் தின்று உயிரை வைத்திருந்ததோ. தடுப்பணையருகே வந்து, இவர்களைப் பார்த்து, உட்கார்ந்தது. பிறகு எழுந்து மணல் மூட்டைகள் மேல் கால் வைத்து வடக்கே வர ஆரம்பித்தது. அதன் வயிற்று ரோமத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. குட்டி. பிறந்து சில மாசம்தான் இருக்கும்.

பதினோரு வருஷப் பழக்கம், சாவுங்கின் கை தானாகக் காதுக்குப் போய்ப் பேனாவை எடுத்தது.

"எழுதாதடா!" என்றாள் தெல்சே.

அவன் கை அப்படியே நின்றது. அவள் குனிந்து கரிமண் கட்டி ஒன்றை எடுத்து, அந்தப் பெட்டை போகிற வழிக்கு முன்னால் ஓங்கி எறிந்தாள். தண்ணீரில் விழுந்து தெறித்தது.

"வராத! இங்க வராத! போ, திரும்பிப் போ!" தொண்டை கிழியக் கத்தினாள். "இங்க யாருமில்ல இனிமே! உன்னத்தான் சொல்றேன், போ!"

அது நடு அணையில் நின்றது. குட்டியைக் கையால் அணைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது, திரும்பித் தான் வந்த கரிக்காட்டையும் ஒரு தரம் பார்த்தது. தெல்சே இன்னொரு கட்டியை எடுத்தாள். எடுத்தாளே தவிர எறிய முடியவில்லை. எங்கே போகச் சொல்வது?

பெட்டை மிச்ச மூட்டைகளையும் தாண்டி, முதல் மரத்தைப் பிடித்து ஏறி, இலைக்குள் போய்விட்டது. சாவுங் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டு, கிழிந்த மூட்டையை அடைக்க மண் வெட்டப் போனான்.